பற்றும் வரவும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வட்டக்கோட்டையின் மதில்மேல் உட்கார்ந்து நாற்பது கேள்விகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கேள்விகள் என்னுடையவை அல்ல. வணிகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி கொண்டுவந்தவை. வங்கிகளில் தலைமைப் பண்பு, பணியிடத் தகவல் தொடர்பு, ஊழியர் அர்ப்பணிப்பு ஆகிய மூன்றுக்கும் இடையில் என்ன உறவு இருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. அதிகாரிகளும் எழுத்தர்களும் ஆங்கிலப் படிவத்தையே நிரப்பிவிடுவார்கள். கடைநிலை ஊழியர்களுக்குத் தமிழ்ப் படிவம் வேண்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அவள் வீடு அஞ்சுகிராமத்துக்குப் பக்கம். "கோட்டைக்கு வந்திருங்க மேடம், காத்து வாங்கிக்கிட்டே முடிச்சிரலாம்" என்றாள். காற்று தாள்களைப் பிடுங்கியது. ஒவ்வொரு தாளின்மேலும் ஒரு கல்லை வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம்.

பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் வங்கி மேலாண்மைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் கவிதை எழுதுபவள், கவிதை கற்பிப்பவள். ஒரு வினாப்படிவத்தையும் பிரதியாகத்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். யார் பேசுகிறார்கள், யாரை நோக்கிப் பேசுகிறார்கள், யார் பேச்சுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்றுதான் பார்ப்பேன். நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இந்தத் தலைப்பில் ஆய்வேடுகள் வருகின்றன. எழுதுபவர்களில் பெண்கள் நிறையப் பேர். படிவத்தை நிரப்புபவர்களிலும் பெண்கள் உண்டு. ஆனால் படிவத்தின் மொழியைப் பெண்ணின் பக்கத்திலிருந்து யாரும் வாசித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த வாசிப்பைத்தான் இங்கே முயல்கிறேன்.

முதல் தாளிலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் 'கமிட்மென்ட்'. மாணவி 'அர்ப்பணிப்பு' என்று எழுதியிருந்தாள். ஆய்வேடுகளில் அதுதான் வழக்கம். அந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது என்று யோசித்தேன். கோயிலில், தேவாலயத்தில். புத்தகத்தின் முதல் பக்கத்தில், இறந்துபோன அம்மாவுக்கு. பணிநிறைவு விழாவில் சால்வை போர்த்தும்போது. இரங்கல் கூட்டத்தில். எல்லா இடங்களிலும் கொடுப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர். ஏற்றவர் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. அர்ப்பணித்த பொருளுக்குக் கணக்குக் கேட்பது மரியாதையும் இல்லை. பெண்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் இன்னும் தாராளமாக விழுகிறது. குடும்பத்துக்காகத் தன்னையே அர்ப்பணித்தவர் என்று ஓர் ஆணைப் பற்றி யாரும் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. கூலிக்கு உழைக்கும் இடத்துக்கு, அதுவும் பைசா சுத்தமாகக் கணக்கு முடிக்கும் வங்கிக்கு, கணக்கே கேட்கக் கூடாத ஒரு சொல் எப்படி வந்து சேர்ந்தது?

மூலத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. கனடா நாட்டு உளவியலாளர்கள் ஜான் மேயரும் நத்தாலி ஆலனும் 1991இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் அடித்தளமாக இருக்கிறது. ஒருவர் ஒரு நிறுவனத்தில் தங்கியிருப்பதற்கு மூன்று வகையான காரணங்கள் உண்டு என்று அவர்கள் பிரித்தார்கள். பிடித்திருப்பதால் இருப்பது ஒன்று. விட்டுப்போனால் இழப்பு அதிகம், வேறு இடமும் இல்லை என்பதால் இருப்பது இன்னொன்று. இருப்பதுதான் முறை, போவது நன்றிகெட்ட செயல் என்று நினைப்பதால் இருப்பது மூன்றாவது. முதலாவது விருப்பம், இரண்டாவது தேவை, மூன்றாவது கடமை. 2002இல் மேயர் வேறு சிலரோடு சேர்ந்து அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டாவது வகையில் தங்கியிருப்பவர்களின் பணித்திறன் அதனால் உயரவில்லை என்றும் தெரிந்தது. போக வழியில்லாதவர் நன்றாக வேலை செய்வார் என்ற முதலாளித்துவ நம்பிக்கைக்கு அந்தத் துறையே ஆதாரம் தரவில்லை.

இந்த மூன்றையும் நாம் தமிழில் 'அர்ப்பணிப்பு' என்ற ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டோம். படிவத்தில் மூன்று வகைக் கேள்விகளும் கலந்து கிடந்தன. கடைசியில் எல்லா மதிப்பெண்ணையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது மாணவியின் திட்டம். கூட்டியபின், பிடித்து இருப்பவளும் வழியில்லாமல் இருப்பவளும் ஒரே எண்ணில் அடங்கிவிடுவார்கள்.

மூன்றுக்கும் மூன்று சொல் போடலாம் என்றேன். இரண்டாவதற்குத் 'தளை', மூன்றாவதற்குக் 'கடப்பாடு', முதலாவதற்குப் 'பற்று'. மாணவி சிரித்துவிட்டாள். "பற்றுன்னா எங்க சப்ஜெக்ட்ல டெபிட் மேடம்."

அவள் சொன்னது சரிதான். பற்று, வரவு என்பவை நம் கணக்கேட்டின் இரண்டு பக்கங்கள். பாஸ்புக்கில் பற்று என்ற பத்தியில் வருவது நம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட தொகை. கவிதையிலும் பக்தியிலும் நெஞ்சோடு ஒட்டியிருக்கும் சொல், வங்கியில் கையைவிட்டுப் போனதைக் குறிக்கிறது. அகராதிக்காரர்களுக்கு இது ஒரு சொல்லின் இரு பொருள். எனக்கு அன்றைக்கு அது ஒரு கேள்வியாகவே பட்டது. ஊழியரின் பற்றை அளக்கும் படிவம் பற்றுப் பக்கத்தை மட்டும் எழுதுகிறது. அவளிடமிருந்து எவ்வளவு கிடைக்கும் என்று நாற்பது முறை கேட்கிறது. அவளுக்கு என்ன வந்தது என்ற வரவுப் பக்கத்தை யார் எழுதுவது?

*

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு உண்டு. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அப்போது பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். கைதியாக வந்த அவர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து, கோட்டைகளைக் கட்டியும் வலுப்படுத்தியும், வலிய கப்பித்தான் என்ற பதவிவரை உயர்ந்தார். வட்டக்கோட்டையின் இந்தக் கருங்கல் மதில் அவருடைய மேற்பார்வையில் வலுப்பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்து 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது. பள்ளிப் பாடத்திலும் சுற்றுலாப் பலகையிலும் அவர் விசுவாசத்தின் உருவம்.

டிலனாயிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தால் எல்லாக் கேள்விக்கும் ஐந்தாவது கட்டத்தில் குறியிட்டிருப்பார். அது பற்றா, தளையா, கடப்பாடா? மன்னர்மேல் அவருக்கு உண்மையான மதிப்பும் இருந்திருக்கலாம். ஆனால் கைதியாகத் தொடங்கியவர் தரும் 'ஐந்து', அவர் ஏன் இருந்தார் என்பதைச் சொல்லாது. பதவியும் புகழும் கிடைத்த கைதியின் நிலைமையே இதுவென்றால், அவை எதுவும் கிடைக்காதவர்களின் ஐந்துக்கு என்ன பொருள் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஓர் ஐந்து என் அத்தையுடையது. எழுபதுகளின் கடைசியில் ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தவர். 1969இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாகி, கிளைகள் ஊர் ஊராக விரிந்து, படித்த பெண்களுக்கு ஆசிரியர் வேலையைத் தவிர வேறொரு கதவும் திறந்த காலம் அது. பதவி உயர்வுத் தேர்வை அத்தை எழுதவே இல்லை. அதிகாரியானால் வெளியூர் போக வேண்டும். மாமாவுக்குச் சமையல் தெரியாது, மாமியாருக்குக் கண் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கவுண்டர். "இவ்வளவு பிடிப்பு உள்ள ஸ்டாப்பைப் பார்த்ததில்லை" என்று மேலாளர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டு முடிவில் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பதினைந்து ஆண்டுப் பணியோ நாற்பது வயதோ நிறைந்தவர்கள் போகலாம். பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அறுபது நாள் சம்பளம் என்ற கணக்கில் ஒரு தொகை. கதவு திறந்த முதல் வாரத்திலேயே அத்தை விண்ணப்பித்தார். மேலாளருக்கு அதிர்ச்சி. எங்களுக்கும்தான். பிறகு ஒருநாள் அத்தை சொன்னார்: "பிடிச்சிருக்கான்னு இருபத்திரண்டு வருஷமா ஒருத்தரும் கேக்கலட்டி. இருக்கேன்னு மட்டும்தான் பாத்தாங்க."

தமிழ் படித்தவளுக்கு இதில் ஒரு பழைய சொல் கேட்கும். முல்லைத் திணைக்கு உரிப்பொருள் 'இருத்தல்'. தலைவன் போவான், வினை முடிப்பான், திரும்புவான். தலைவி இருப்பாள். அவள் ஆற்றியிருப்பதே அவள் கற்பின் அளவு. அவளுக்கு வேறு எங்காவது போக வழி இருந்ததா என்று எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை. மேலாண்மை நூல்கள் ஊழியரைத் தக்கவைத்தல் என்று சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த முல்லைத் தலைவி நினைவுக்கு வருகிறாள். இருத்தலை விருப்பமாக வாசிக்கும் பழக்கம் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்.

*

படிவத்தின் இரண்டாம் பகுதி தலைமை. பின்பற்றுபவர்களை உயர்த்தி மாற்றும் தலைமை என்ற கருத்தை 1978இல் ஜேம்ஸ் மக்கிரிகர் பர்ன்ஸ் எழுதினார். 1985இல் பெர்னார்ட் பாஸ் அதை அளக்கக்கூடிய கோட்பாடாக ஆக்கினார். நல்ல தலைவர் கனவு காட்டுவார், ஊக்கமூட்டுவார், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிப்பார். எனக்கு இதில் சண்டை இல்லை. ஆனால் தலைமை எங்கிருந்து பார்க்கப்படுகிறது என்பது முக்கியம். நாஞ்சில் நாட்டில் தலைமை என்றதும் எங்களுக்குக் காரணவர் நினைவுக்கு வருவார். குடும்பச் சொத்து முழுவதும் அவர் கையில். கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' அந்தக் காரணவர் ஆட்சியைச் சொல்கிறது. சொல்பவள் அவருடைய மனைவியரில் ஒருத்தி. காரணவரே தன் ஆட்சியைப் பற்றி எழுதியிருந்தால் நமக்கு ஒரு நிர்வாக அறிக்கைதான் கிடைத்திருக்கும்.

மாணவியிடம் கேட்டேன்: "மேலாளரைப் பத்தின இந்தக் கேள்விகளையெல்லாம் யார் கையில குடுத்து யார்ட்டருந்து திரும்ப வாங்குவே?"

"மேனேஜர்கிட்டதான் மேடம். அவர்தான் எல்லார்ட்டயும் நிரப்பி வாங்கித் தருவார். இல்லன்னா பிராஞ்ச்ல நுழையவே முடியாது."

காரணவர் கையில் மான்மியத்தைக் கொடுத்து, சரிபார்த்துத் தாருங்கள் என்று சொல்வது போல.

பெண்களே தலைமைக்கு வந்தால் எல்லாம் சரியாகும் என்பது ஒரு பதில். அதையும் மதிப்போடு ஆராய வேண்டும். நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. ஆர்பத்நாட் நிறுவனம் 1906இல் திவாலாகிப் பலருடைய சேமிப்பு அழிந்தபின், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில் 1907இல் சென்னையில் தொடங்கியது இந்தியன் வங்கி. 1995-96இல் அது 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்த நிலையில் 2000இல் ரஞ்சனா குமார் தலைவராக வந்தார். நாட்டுடைமை வங்கி ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் பெண் அவர். 2001-02இல் வங்கி மீண்டும் லாபம் காட்டியது. பிறகு அவர் நபார்டு தலைவரானார், தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். மூழ்கும் கப்பலைப் பெண்ணிடம் கொடுப்பார்கள் என்ற பேச்சு உண்டு. அந்தக் கப்பலை அவர் கரைசேர்த்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

ஆனால் மீட்சியின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே காலத்தில்தான் விருப்ப ஓய்வுத் திட்டமும் நடந்தது. நாடு முழுவதும் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். அர்ப்பணிப்பு ஆய்வுகள் இருப்பவர்களிடம் மட்டுமே படிவம் கொடுக்கும். போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேட்காது. என் அத்தை மாதிரியின் வெளியே நிற்கிறார்.

பாரத ஸ்டேட் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபரில் அதன் முதல் பெண் தலைவரானார் அருந்ததி பட்டாச்சார்யா. குழந்தை வளர்ப்புக்காகவும் முதியோரைக் கவனிக்கவும் பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுவரை விடுப்பு எடுத்துத் திரும்பலாம் என்ற ஏற்பாடு அவர் காலத்தில் பேசப்பட்டது. 2017இல் அவர் ஓய்வுபெற்றார். 2021 டிசம்பர் கடைசியில் அதே வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண் பணியில் சேரத் தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்றது. தொழிற்சங்கங்களும் மகளிர் அமைப்புகளும் எதிர்த்தன, டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, 2022 ஜனவரி 29இல் வங்கி அதை நிறுத்திவைத்தது. ஒரு தலைவரின் நல்லெண்ணம் அவர் நாற்காலியோடு போய்விடக்கூடியது. சுற்றறிக்கையை நிறுத்தியது கீழேயிருந்தும் வெளியேயிருந்தும் வந்த 'முடியாது' என்ற குரல்.

இது முதல் முறையும் அல்ல. 1991இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது நீரா மாத்தூர் வழக்கு. வங்கி அல்ல, ஆயுள் காப்பீட்டுக் கழகம். வேலையில் சேரும் பெண் தன் மாதவிலக்கு விவரம், கருவுற்ற விவரம் எல்லாம் படிவத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கேள்விகளை நீக்கச் சொன்னது நீதிமன்றம். படிவம் என்பது வெறும் காகிதம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கேட்கும் உரிமை ஒரு பக்கமும் பதில் சொல்லும் கட்டாயம் மறுபக்கமும் இருக்கும் உறவைத்தான் அது எழுத்தாக்குகிறது.

*

மூன்றாம் பகுதி தகவல் தொடர்பு. இதில் இருந்த கேள்விகள் எல்லாமே ஒரு திசையில் ஓடின. மேலிருந்து வரும் செய்தி தெளிவாக இருக்கிறதா, நேரத்துக்கு வருகிறதா, இலக்கு என்ன என்று உங்களுக்குப் புரிகிறதா. மழைநீர் கூரையிலிருந்து வழிவது சீராக இருக்கிறதா என்று கேட்பது மாதிரி.

இன்றைய வங்கிக் கிளையில் உங்கள் வீட்டுப் பெண் யாராவது வேலை பார்த்தால் இதன் நடைமுறை தெரியும். காலையில் வாட்ஸாப் குழுவில் அன்றைய இலக்கு. இத்தனை காப்பீட்டுப் பாலிசி, இத்தனை புதுக் கணக்கு. மாலையில் மண்டல அலுவலகத்திலிருந்து காணொளிக் கூட்டம். இலக்கை எட்டாத கிளையின் பெயர் எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். கூட்டம் முடியும் தறுவாயில் "யாருக்காவது எதாவது சொல்ல வேண்டியிருக்கா?" என்று குரல் வரும். ஏழு மணியாகியிருக்கும். வீட்டில் குழந்தை காத்திருக்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனம் 'தகவல் தெளிவாக இருந்தது' என்று படிவத்தில் விழும்.

1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதியது இங்கே உதவும். ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதிலிருப்பவருக்கு இரண்டு வழி. வெளியேறலாம், அல்லது குரல் எழுப்பலாம். விசுவாசம் என்பது வெளியேற முடிந்தவர் வெளியேறாமல் நின்று குரல் எழுப்புவது. இந்த வரையறையில் பேசாமல் இருப்பவர் விசுவாசி ஆவதில்லை. வெளியேறவும் முடியாமல் பேசவும் முடியாமல் இருப்பவரின் நிலைக்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது அவருக்கு இன்னொரு அநியாயம்.

பெண்ணின் தேவையை நிறுவனம் கேட்டுக்கொண்ட இடத்தையும் பார்க்கலாம். இடமாற்றம் பெண்களை வாட்டுகிறது என்பதை உணர்ந்து 2014 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. மணமான பெண்களைக் கணவர் இருக்கும் ஊரிலோ அருகிலோ, மணமாகாதவர்களைப் பெற்றோர் இருக்கும் ஊரிலோ அருகிலோ கூடியவரை பணியமர்த்த வேண்டும் என்றது. பலருக்கு அது பெரிய ஆறுதல். அத்தை காலத்தில் வந்திருந்தால் அவர் அதிகாரியாகியிருப்பார். ஆனாலும் அந்தக் கடிதம் பேசும் பெண் யாரோ ஒருவரின் மனைவி அல்லது மகள். தன் விருப்பத்தால் ஓர் ஊரில் இருக்கும் பெண்ணுக்கு அதில் சொல் இல்லை.

சங்கப் பாடலில் தலைவி தானே பேசுவதும் உண்டு. அவளுக்காகத் தோழி பேசுவாள், அவள் வருத்தத்தை எடுத்துச் சொல்வாள், வாயில் மறுப்பாள். வங்கி உலகத்தில் அந்த வேலையைச் செய்தது தொழிற்சங்கம். 1966 அக்டோபரில் முதல் இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்று முதல் வங்கி ஊழியரின் ஊதியமும் பணி நிலையும் பேசி முடிவாகின்றன. 'இருதரப்பு' என்ற சொல்லை நான் ரசிக்கிறேன். தகவல் தொடர்பில் ஒரு தரப்பு போதும். இருதரப்பில் இரண்டு பேரும் மேசைக்கு வர வேண்டும். நாற்பது கேள்விகளில் சங்கம் பற்றி ஒன்றுகூட இல்லை.

அந்த மேசையும் எல்லாருக்கும் இடம் தந்துவிடவில்லை. அதைச் சொல்ல வைத்தது மாணவியின் அம்மா.

*

வேலை முடிந்து அவள் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனோம். அம்மா ஒரு வங்கிக் கிளையில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெருக்கித் துடைக்கிறார். ஒப்பந்த விதிகளின்படி பகுதிநேரத் துப்புரவுப் பணியாளருக்கு வாரத்தில் வேலை செய்யும் மணிநேரத்தைக் கணக்கிட்டு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ, முக்காலோ தரப்படும். அம்மா அந்தப் பின்னத்துக்கும் வெளியே. நிரந்தரப் பட்டியலில் பெயர் கிடையாது. மாதக் கடைசியில் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குகிறார். வங்கியின் ஏட்டில் அவருடைய பன்னிரண்டு ஆண்டுகளும் பற்றுச்சீட்டுகள்.

பெருக்கி முடித்தபின் அவர் வீட்டுக்குப் போய்விடலாம். போவதில்லை. முதியோர் உதவித்தொகை வாங்க வரும் பாட்டிகளுக்குச் செலான் எழுதிக் கொடுப்பார். சுய உதவிக் குழுப் பெண்களை வரிசையில் உட்கார வைப்பார். மேலாளர் சொல்வதை ஊர்த் தமிழிலும், பாட்டிகள் சொல்வதை மேலாளருக்குப் புரியும்படியும் சொல்வார். கைரேகை விழாத பாட்டியின் விரலைத் தன் முந்தானையில் துடைத்துவிடுவார். தகவல் தொடர்பு என்பதன் முழுப் பொருளையும் அந்தக் கிளையில் சுமப்பவர் அவர்தான். கிளையின் தோழி என்று சொல்லலாம். ஆனால் மகளின் ஆய்வில் அம்மாவுக்கு இடமில்லை. மாதிரியில் நிரந்தர ஊழியர்கள் மட்டும்.

"ஒரு கேள்வியாவது அம்மாட்ட கேட்டுப் பாக்கட்டுமா மேடம்?" என்று மாணவியே கேட்டாள். ஓய்வு பெறும்வரை இங்கேயே இருக்க விருப்பமா என்ற பொருளில் வரும் கேள்வியை வாசித்தாள். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இதை யாரு மக்ளே கேக்கா? பேங்கா?"

"இல்லம்மா, நாந்தான்."

"நீ கேட்டா ஒண்ணு சொல்லுவேன், பேங்கு கேட்டா ஒண்ணு சொல்லுவேன். இஷ்டம் இல்லன்னு பேங்குகிட்ட எழுதிக் குடுத்தா, நாளைக்கு அவிய வரச் சொல்லுவாவளா டீச்சர்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆய்வு முறையியலில் பதிலளிப்பவரின் சார்பு என்று ஒரு பாடமே உண்டு. அதை இவ்வளவு சுருக்கமாக நான் வகுப்பில் சொன்னதில்லை. சற்றுக் கழித்து அவரே தொடர்ந்தார்: "பிடிக்காமலா போவேன். அந்தக் கெழவிமாருக்கு நான் போவல்லன்னா கஷ்டம். அதுக்கும் பேங்குக்கும் சம்பந்தம் இல்ல."

இதையும் கவனிக்க வேண்டும் தோழிகளே. அம்மாவிடம் பற்று இல்லை என்று நான் சொன்னால் அது அவரைச் சிறுமைப்படுத்துவது. பற்று இருக்கிறது. அது கிளைக்கு வரும் பெண்கள்மேல், தன் வேலையின் சுத்தத்தின்மேல். நிறுவனம் அந்தப் பற்றை எடுத்துத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. பிறகு ஆய்வேடுகள் அதைத் தலைமைப் பண்பின் விளைவு என்று எழுதுகின்றன. என் அத்தையின் இருத்தலைப் பிடிப்பு என்று வாசித்ததும் இதுவும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். ஒன்றில் இல்லாத விருப்பம் ஏற்றப்பட்டது. இன்னொன்றில் இருக்கும் விருப்பம் வேறொருவர் பேரில் எழுதப்பட்டது.

*

மூன்று சொல் வேண்டும் என்ற என் யோசனையை நெறியாளர் பாதி ஏற்றார். அளவுகோலின் கேள்விகளை மாற்றினால் அதன் நம்பகத்தன்மை போய்விடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்று வகையையும் கூட்டி ஒரே எண்ணாக்காமல் தனித்தனியாகக் காட்ட ஒத்துக்கொண்டார். படிவங்களை மேலாளர் வழியாக இல்லாமல், ஒட்டிய உறையில் நேராக வாங்கவும் ஒத்துக்கொண்டார். மாதிரியை மாற்ற முடியாது என்றார்.

கடைசித் தாளில் மாணவி ஒரு கேள்வியைத் தானாகச் சேர்த்திருக்கிறாள். கட்டம் இல்லாத கேள்வி, கீழே நான்கு வெற்றுக் கோடுகள். 'இந்த வேலையில் நீங்கள் கடைசியாக முடியாது என்று சொன்னது எப்போது? அதன்பின் என்ன நடந்தது?' மதிப்பெண் போட முடியாததால் அது ஆய்வேட்டில் பின்னிணைப்பாகத்தான் போகும்.

ஆய்வு செய்யும் மாணவிகளிடம் எனக்குக் கேட்க இருப்பது இவ்வளவுதான். உங்கள் படிவத்தைக் கொண்டுபோகுமுன் அதை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பெண் யாராவது இருந்தால் அவர் முன்னால். யார் கேட்கிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால் உங்களிடம் பதில் இருக்கட்டும். அவர் உங்கள் மாதிரியில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று முன்னுரையில் ஒரு பத்தி எழுதுங்கள்.

அன்று கிளம்பும்போது அம்மா அந்தக் கடைசித் தாளை வாங்கிப் பார்த்தார். நான்கு கோடுகளையும் விரலால் தடவினார். "இதுல நான் எழுதினா ஆரும் வாசிப்பாவளா?" என்று மகளிடம் கேட்டார். மகள் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.